கூட்டினால் பெருகும் ஆற்றல்

திருநின்றவூர் போன்ற ஊர்களில் மின்சாரம் பரவுமுன், திருமண ஊர்வலங்களுக்கு ஒளி தந்தது பெட்ரோமாக்ஸ் விளக்கு. அதன் மேண்டில், தோரிய உப்புக் கரைசலில் தோய்த்த நூல்வலையாகும். நூல் எரிந்தபின் எஞ்சும் தோரியம் ஆக்ஸைடே வெண்ணிறமாய் ஒளிரும். நூலுக்கும் இரசாயனத்துக்கும் உள்ள இவ்வுறவை நெசவாளர் அறிதல் நன்று.

தோரியம் நம் நாட்டில் அறியப்பட்டதும் நாரினால்தான். ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய இரசாயன அறிஞர் 1909இல், ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்னும் கனிமத்தைக் கண்டார். அம்மணல், இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள மணவாளக்குறிச்சிக் கடற்கரையைச் சேர்ந்தது. 1950இல் இந்திய அருமண் நிறுவனம் தோன்றியது. 1952இல் கேரளத்து ஆலுவாவில் மோனசைட் ஆலை இயங்கத் தொடங்கியது.

மோனசைட்டில் தோரியத்துடன் சீரியம், லாந்தனம், நியோடிமியம் முதலிய அருமண் உலோகங்கள் கலந்துள்ளன. அருமண்கள் குணத்தில் உடன்பிறந்தார் போன்றவை, பிரிப்பது அரிது. கனிமத்தைக் கரைத்த நீருடன், தக்க மருந்து கலந்த மண்ணெண்ணெய் போன்ற திரவத்தைக் குலுக்கினால், வேண்டிய உலோகம் எண்ணெயில் ஏறும்; மற்றவை பெரும்பாலும் நீரில் தங்கும். பன்முறை செய்தால் தூய்மை மிகும்.

ஒரு மருந்துக்குப் பதில் இரண்டைச் சேர்த்தால், தனித்தனிப் பயன்களின் கூட்டுத்தொகையினும் அதிக உலோகம் ஏறுவதை 1950களில் விஞ்ஞானிகள் கண்டனர். சில கலவைகளில் இது நூறு மடங்கையும் தாண்டும். காரணம் எளிது. நீரில் கரைந்த உலோக அயனியை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்திருக்கும். டி.டி.ஏ. போன்ற அமில மருந்து அயனியைப் பற்றி அதன் மின்னூட்டத்தை ஈடு செய்யும். எனினும் சில நீர் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டே இருக்கும். பிரிடின் போன்ற கரிமக் காரம் அவற்றை அகற்றி அவ்விடத்தில் அமரும். நீர் நீங்கிய உலோகம் எண்ணெயை எளிதில் நாடும்.

ஆயினும் அளவு வேண்டும். காரம் மிகுந்தால் அது அமில மருந்தையே பற்றிக்கொள்ளும்; பயன் குன்றும். எல்லா உலோகங்களும் ஒருசேர ஏறினால் பிரித்தலே நிகழாது. பிடி மிக இறுகினால், உலோகத்தை மீண்டும் அமில நீரில் இறக்கி எண்ணெயைத் திரும்பப் பயன்படுத்துவதும் கடினம்.

கூட்டுறவாளர்க்கு இது புதிய பாடமன்று. பலர் சேர்வதால் மட்டும் சங்கம் வலுப்பெறாது. ஒருவர் குறையை மற்றவர் நிரப்பினால்தான் வலுப்பெறும். இரசாயனமும் அதனையே உரைக்கின்றது.