கதிர்காமத்தின் பகா எண்

வழுதாவூர் சாலையில் இருக்கும் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரிக்குக் கடிதம் எழுதினால், 'கதிர்காமம், புதுச்சேரி' என்று எழுதிக் கடைசியில் 605009 என்று போடுவோம். 1972 ஆகஸ்ட் 15-இல் வந்த பின்கோடு முறையில் முதல் 6 தென்பகுதியைக் குறிக்கும்; கடைசி மூன்று இலக்கங்கள் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தை.

இந்த ஆறு லட்சத்து ஐயாயிரத்து ஒன்பதைக் கோலப் புள்ளிகளாக நினைத்துக்கொள்ளுங்கள். வரிசைக்கு இத்தனை என்று சமமாக வைத்து, ஒரு புள்ளியும் மிஞ்சாமல் நீள்சதுரமாக அடுக்க முடியுமா? முடியாது. ஒரே நீள வரிசையாக வைத்தால்தான் உண்டு. அப்படிப்பட்ட எண்ணுக்குப் பகா எண் என்று பெயர்.

அதை எப்படி உறுதிசெய்வது? 778-ஐ அதனாலேயே பெருக்கினால் 605284. நம் எண்ணைத் தாண்டிவிடுகிறது. நம் எண் இரண்டு எண்களின் பெருக்கமாகப் பிரிந்தால், அவற்றில் ஒன்றாவது 778-க்குக் கீழேதான் இருக்கும்; அதனால் 777 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். மொத்தம் 137 வகுத்தல். பொறுமை இருந்தால் ஒரு மாலையில் முடிகிற வேலை. எனக்கு இரண்டு மாலை ஆனது. 67-இல் மூச்சு நின்றது: 67 × 9030 = 605010. ஒரே ஒரு புள்ளி குறைகிறது!

பக்கத்து எண்களுக்கு இந்தக் கெட்டித்தன்மை இல்லை. முத்தியால்பேட்டையின் 605003, ஏழால் வகுபடும். 605001, 605007, 605013 மூன்றும் மூன்றால், 605011 பதினொன்றால். 605001 முதல் 605014 வரை பகா எண் 605009 ஒன்றுதான்.

இன்னொரு குணமும் இதற்கு உண்டு: இதை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம். இரட்டை எண்ணின் வர்க்கத்தை நான்கால் வகுத்தால் மீதி 0, ஒற்றை எண்ணின் வர்க்கத்துக்கு மீதி 1. எனவே இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகை ஒருபோதும் மீதி 3 தராது. மீதி 1 வரும் பகா எண் எதுவானாலும் அதை இரண்டு வர்க்கங்களாகப் பிரிக்கலாம் என்று 1640-இல் ஒரு கடிதத்தில் எழுதினார் பியர் தெ ஃபெர்மா. துலூஸ் நீதிமன்றத்தில் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர். நிரூபணத்தை அவர் எழுதிவைக்கவில்லை. நூறாண்டுக்குப் பிறகு கணிதவியலாளர் ஆய்லர் நிரூபித்தார்.

605009-ஐ நான்கால் வகுத்தால் மீதி 1. தேடினேன், கிடைத்தது: 95² + 772². அதாவது 9025 + 595984. நீள்சதுரத்துக்கு மசியாத அத்தனை புள்ளிகளும், 95-க்கு 95 நேர்ப்புள்ளி ஒன்று, 772-க்கு 772 இன்னொன்று என இரண்டு கோலங்களில் மிச்சமில்லாமல் அடங்கிவிடுகின்றன. வேறு எந்த ஜோடிச் சதுரத்திலும் அவை அடங்காது.