ஏலாக்குறிச்சி ஆசிரியர்

கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூர் மாவட்டத்தில் அமைந்த சிற்றூர் ஏலாக்குறிச்சி. திருக்காவலூர் என்பது அதன் மற்றொரு பெயர். அவ்வூரைத் தமிழ்க் கல்வியின் நிலைக்களன் ஆக்கியவர் வீரமாமுனிவர்.

முனிவரின் இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்பதாகும். அவர் 1680ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில் காஸ்திலியோன் என்னும் ஊரில் பிறந்தார். இளமையிலேயே இயேசு சபையிற் சேர்ந்து துறவு பூண்டார். 1710இல் கோவாவை அடைந்து, பின்னர்த் தமிழகம் புகுந்தார். முப்பது வயதளவில் அயல்மொழி ஒன்றைப் பயின்று புலமை பெறுதல் எளிதன்று. முனிவரோ சுப்பிரதீபக் கவிராயர் என்னும் புலவரிடம் பாடங் கேட்டுத் தேர்ந்தார் என்பர்.

ஏலாக்குறிச்சியில் அவர் அடைக்கல அன்னைக்கு ஆலயம் எழுப்பினார். அரியலூர்ப் பாளையக்காரர் அதற்கு நிலம் வழங்கினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. சமயப் பணி புரியும் உபதேசியார்களுக்குத் தமிழ் கற்பிக்க அங்கே ஒரு பள்ளியையும் முனிவர் நடத்தினார்.

அக்காலத்தில் தமிழ் கற்போர்க்குப் பெரிய இடர்ப்பாடுகள் இரண்டு இருந்தன. முதலாவது, எழுத்து வடிவம் பற்றியது. எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளியிட வேண்டும் என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. ஓலையில் எழுதியவர்கள் அப்புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். அதனால் ‘கெடு’ என்பதும் ‘கேடு’ என்பதும் ஒரே வடிவில் நின்றன. ‘கொடு’, ‘கோடு’ என்பவையும் அவ்வாறே. பொருளை முன்னரே அறிந்தவரே பிழையின்றிப் படிக்க முடிந்தது. புதிதாகக் கற்பவர் என் செய்வார்? முனிவர் நெடில்களுக்கு வேறு வடிவம் வகுத்தார். உயிர்மெய் நெடிலுக்குச் சுழித்த கொம்பை அமைத்தார். பின்னர் அச்சுக்கலை அம்முறையை எங்கும் பரப்பியது.

இரண்டாவது, சொற்பொருள் அறிவது பற்றியது. நிகண்டுகள் செய்யுள் வடிவில் இருந்தன. அவற்றை மனப்பாடம் செய்தவர்க்கே சொல்லின் பொருள் விரைவில் கிட்டும். முனிவர் 1732இல் சதுரகராதியை இயற்றினார். பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பிரிவுகளாக, சொற்களை அகர வரிசையில் அமைத்த நூல் அது. எழுத்தறிந்த எவரும் வேண்டிய சொல்லைத் தாமே தேடிக்கொள்ள அது வழிவகுத்தது.

ஐந்திலக்கணமும் கூறும் தொன்னூல் விளக்கமும், 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியும் அவருடைய புலமைக்குச் சான்றுகளாகும். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அவர் இலத்தீனில் பெயர்த்தார். 1747இல் அவர் மறைந்தார்.

தாம் கற்ற மொழியைப் பிறர் எளிதிற் கற்க வேண்டும் என்பதே அவர் உழைப்பின் நோக்கம். ஏட்டைத் திறந்து, குறிலையும் நெடிலையும் மயக்கமின்றிப் படிக்கும் மாணவர் ஒவ்வொருவரும் அவ்வாசிரியருக்குக் கடமைப்பட்டவர் ஆவர்.