அம்பத்தூர், ஆவடி பக்கம் சோழர்கள் வந்தது எப்படி, வீழ்ந்தது எப்படி?

அம்பத்தூரில் ரயில் ஏறி ஆவடி போகிறீர்களா? நடுவில் வரும் திருமுல்லைவாயிலின் மாசிலாமணீஸ்வரர் கோயிலில் சோழர் கல்வெட்டுகள் இருக்கின்றன. தஞ்சை அரசர்களுக்கு இங்கே என்ன வேலை?

கி.பி. 850 வாக்கில் விஜயாலய சோழன் தஞ்சையைப் பிடித்தார். மகன் முதலாம் ஆதித்தன், பல்லவ மன்னன் அபராஜிதனை வீழ்த்தினார். தொண்டை மண்டலம் சோழர் வசமானது. 949-ல் அரக்கோணம் அருகே தக்கோலத்தில் ராஷ்டிரகூடர்களிடம் தோற்றதும் அது கைநழுவியது. பிறகு மீட்கப்பட்டு, ராஜராஜன் காலத்தில் 'ஜெயங்கொண்ட சோழமண்டலம்' ஆனது.

அப்புறம் ஏன் சரிந்தது? பாண்டியர் படையெடுப்பு மட்டும் காரணமில்லை. சோழருக்கு அடங்கியிருந்த சிற்றரசர்களே பலம் பெற்றுவிட்டனர். 1231-ல் கோப்பெருஞ்சிங்கன், மூன்றாம் ராஜராஜனையே சேந்தமங்கலத்தில் சிறை வைத்தார். ஹொய்சாளர்கள் வந்துதான் மீட்டனர். தன் ஆட்களையே அடக்க முடியாத பேரரசு, 1279-ல் மூன்றாம் ராஜேந்திரனோடு முடிந்தது.