பாலாற்றங்கரை மகளிர்: கல்வியும் கூலியும்

மகளிர் பொருளீட்டுதல் தமிழகத்திற்குப் புதிதன்று. துணையிலாப் பெண்டிர் பருத்தி நூற்று வாழ்ந்தமையைச் சங்கச் செய்யுட்கள் காட்டுகின்றன. பருத்திப் பெண்டு எனத் தொழிலாற் பெயரும் பெற்றனர். ஆயின், பொருளீட்டியவள் உரிமையும் பெற்றாளா என்பது வேறு வினா. வேலூர், ஆம்பூர்ப் பகுதி அதற்கு இருவகை விடை தருதலின் அதனை ஈண்டு ஆராய்வோம்.

1870-இல் இராணிப்பேட்டையிற் பிறந்தவர் ஐடா ஸ்கடர் அம்மையார். அவர் திண்டிவனத்தில் இருந்தபோது, ஓரிரவு மூவர் அடுத்தடுத்து வந்து, பேறுகால இடரிற் கிடந்த தத்தம் மனைவியர்க்கு உதவ அழைத்தனர். அவரோ அன்று மருத்துவம் கல்லாதவர். மருத்துவரான தந்தையாரை, ஆடவர் என்பதால், வந்தவர் ஏற்றிலர். மூன்று பெண்டிரும் இறந்தனர். மருத்துவம் இல்லாமையால் அன்று, மருத்துவம் கற்ற பெண் இல்லாமையால் நேர்ந்த சாவு இது என்பதை நாம் உளங்கொளல் வேண்டும். பின்னர் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று மீண்ட அம்மையார், 1918-இல் வேலூரில் மகளிர்க்கென மருத்துவப் பள்ளி தொடங்கினார். முதலிற் சேர்ந்தோர் 17 பேர். 1922-இல் தேறி வெளிவந்தோர் 14 பேர். அங்கு ஆடவர்க்கு இடம் கிடைத்தது 1947-இல்தான்!

செவிலியர் பயிற்சி 1909-இலேயே தொடங்கிற்று. 1946-இல் அது பட்டக் கல்வியாயிற்று. ஈண்டுச் சொல்லாராய்ச்சி ஒன்று பொருந்தும். தொல்காப்பியம் கூறும் செவிலி, தலைவியை வளர்த்த தாய். இல்லத்துள் அடங்கிய உறவினள். இன்று அச்சொல் சான்றிதழும் ஊதியமும் உடைய தொழிலைக் குறிக்கின்றது. இச்சான்றிதழை அவள் எந்நாட்டிற்கும் எடுத்துச் செல்லலாம்.

இனி ஆம்பூர். ஆவாரம்பட்டையிட்டுத் தோல் பதனிடுதலே இப்பகுதியின் பழந்தொழில். பெரும்பாலும் ஆடவர் தொழில். 1970-களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தபின் காலணித் தொழிற்சாலைகள் பெருகின. தையற்பகுதியில் மகளிர் பல்லாயிரவர் அமர்ந்தனர். தோல் தைப்போரைச் சிலப்பதிகாரம் துன்னர் என்கின்றது. பலர்பாற் சொல்லாகலின் அது மகளிரை விலக்கவில்லை என்று கொள்வதில் இழுக்கில்லை.

தொழிற்சாலையுள் தைப்பவளுக்கு மாத ஊதியம், வைப்புநிதி, காப்பீடு ஆகியன சட்டப்படி உண்டு. வீட்டுத் திண்ணையில் அமர்ந்து காலணியின் மேற்பகுதியைக் கையால் தைப்பவளுக்கோ சோடிக்கு இவ்வளவு என்னும் கூலியன்றிப் பிறிதில்லை. இடைத்தரகர் தோலைக் கொணர்வார், தைத்ததைக் கொண்டுசெல்வார். அக்காலணி எந்நாட்டிற்குச் செல்கின்றது என்பதையும் அவள் பெரும்பாலும் அறியாள். கைத்திறனில் அவள் யார்க்கும் குறைந்தவளல்லள். அத்திறனுக்குச் சான்றிதழ் இல்லை, கூலியை வரையறுக்கும் உரிமையும் இல்லை. கூலி மட்டுமே விடுதலை தரும் என்பாரோடு நாம் உடன்படாமைக்குக் காரணம் இதுவே.

இக்குறை ஆம்பூர்க்கு மட்டும் உரியதன்று. வீட்டிலிருந்து உழைப்போரைப் பிற தொழிலாளர்க்கு நிகராக நடத்த வேண்டும் என்னும் 177-ஆம் உடன்படிக்கையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் இயற்றிற்று. இந்தியா அதனை இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை.