ரம்பம் மாறியது, கயிறு மாறவில்லை

புதுச்சேரிப் பக்கம் பூரணாங்குப்பத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தை வெட்ட நாலு பேர் வந்தார்கள். குட்டியானை வண்டியின் பின்கதவைத் திறந்ததும் முதலில் வெளியே வந்தது பெரிய மெஷின் ரம்பம். அப்புறம் சின்னதாக இன்னொன்று. டூ-டி ஆயில் கலந்த பெட்ரோல் பாட்டில், செயினுக்கு ஊற்றக் கழிவு ஆயில் கேன், வட்ட அரம், இரண்டு வெட்டரிவாள், கோடாரி, கடப்பாரை, இரும்பு ஆப்பு. எல்லாம் இறங்கிய பிறகு ஒரு சாக்கிலிருந்து கயிறு வந்தது. மஞ்சள் நைலான் கயிறு. இரண்டு இடத்தில் முடிச்சு. ஓரிடத்தில் பிரி விட்டுப் பஞ்சாய் நின்றது.

“இது எதுக்கு வாங்கின கயிறுண்ணே?”

“கிணத்துல மோட்டார் இறக்க வாங்கினது சார். மோட்டார் போயிடுச்சு, கயிறு இருக்கு” என்றார் மேஸ்திரி.

மரவேலைக்கு இப்போது என்னென்ன மெஷின், என்னென்ன வண்டி வந்திருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லித்தான் என்னை அனுப்பினார்கள். மெஷினைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, எழுதவும் போகிறேன். ஆனால் அன்று முழுக்க என் கண் அந்த மஞ்சள் கயிற்றை விட்டு நகரவில்லை.

மேலே ஏறியது இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத ஒரு தம்பி. வெறுங்கால். சின்ன ரம்பத்தை இடுப்பில் சணலால் கட்டித் தொங்கவிட்டிருந்தான். முப்பதடி உயரத்தில் ஒரு கவட்டையில் நின்றுகொண்டு, இடது கையால் கிளையைப் பிடித்தபடி வலது கையால் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தான். மூன்றாவது இழுப்பில் மெஷின் உறுமியது. கீழே விழப்போகும் கிளைக்குக் கயிறு கட்டியிருந்தார்கள். அதை வெட்டுகிறவனுக்குக் கட்டவில்லை.

சுண்ணாம்பாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் இது. தென்னந்தோப்பும் உப்புக்காற்றும்தான் ஊரின் அடையாளம். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியதை இங்கே யாரும் மறக்கவில்லை. “அப்ப கோடாரியும் இழுப்பு ரம்பமும்தான் சார். ஒரு மரத்தை ரோட்டை விட்டு எடுக்கறதுக்குள்ள பொழுது போயிடும். அதுக்கு அப்புறந்தான் நான் மெஷின் வாங்கினேன்” என்றார் மேஸ்திரி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் வந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. அந்த முறை விடிந்ததும் தெருத்தெருவாக மெஷின் சத்தம்தான். பொக்லைன் அடிமரத்தைத் தள்ள, டிராக்டர் டிரெய்லரில் கொப்பும் தழையும் ஏறின. பெரிய மரம் என்றால் ஹைட்ரா கிரேன். புயலுக்குப் புயல் வண்டிகள் பெருகியிருக்கின்றன. எல்லாம் விழுந்த மரத்துக்கான வண்டிகள்.

நிற்கிற மரத்துக்கு? தெருவிளக்கு மாட்ட வரும் தூக்கு ஏணி வண்டி மெயின் ரோட்டோடு சரி, இந்தச் சந்துக்குள் திரும்பாது. அதனால் சில இடங்களில் பொக்லைன் வாளியில் ஆளை நிற்கவைத்துத் தூக்குகிறார்கள். மண் அள்ளச் செய்த வாளி அது. ஆளைத் தூக்க அல்ல.

மெஷின் ரம்பத்தின் கதை சுவையானது. பெட்ரோலில் ஓடும் ரம்பம் ஜெர்மனியில் 1920-களிலேயே வந்துவிட்டது. ஆனால் அதன் செயின் பற்கள் சீக்கிரம் மழுங்கின, அரம் போட்டு மாளவில்லை. 1946-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டும் ஒருவர், அடிக்கட்டைக்குள் ஒரு வண்டுப் புழு மரத்தைக் குடைந்துகொண்டு போவதைக் குனிந்து பார்த்தார். புழு நேராகக் கடிக்கவில்லை. வளைந்த தாடையால் இடமும் வலமுமாகச் சீவித் தள்ளியபடி போனது. அந்தத் தாடையைப் பார்த்து அடுத்த ஆண்டு அவர் செய்த செயின்தான் இன்று உலகமெங்கும் ஓடும் செயினுக்கு மூலம். காண்டாமிருக வண்டையும் சிவப்புக் கூன்வண்டையும் திட்டித் தீர்க்கிற தென்னைக்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். “எங்க புழு தின்னுச்சு, அவங்க புழு சொல்லிக் குடுத்துச்சு” என்றார் ஒரு பெரியவர்.

அந்தப் பற்கள் முழு வேகத்தில் நொடிக்கு இருபது மீட்டர் ஓடுகின்றன. பைக்கில் எழுபது கிலோமீட்டர் வேகத்தில் போவதற்குச் சமம். மெஷின் ரம்பத்தில் எல்லோரும் அஞ்சவேண்டிய இடம் தகட்டின் முனை. முனையின் மேல்பாதி தெரியாமல் பக்கத்துக் கிளையில் பட்டால், ரம்பம் மரத்தைக் கடிக்காமல் பிடித்திருப்பவன் முகத்தை நோக்கி எகிறும். கையை இழுக்க நேரமிருக்காது. அதற்காகத்தான் முன்கைப்பிடிக்கு முன்னால் ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். எகிறும் வேகத்தில் இடது கை அதில் மோதினால் செயின் சட்டென்று நிற்கும். பிடி இரண்டு கையிலும் இருந்தால்தான் இந்த ஏற்பாடு கைகொடுக்கும். மேலே நின்ற தம்பியின் இடது கை கிளையைப் பிடித்திருந்தது. அவன் ரம்பத்தில் அந்தத் தடுப்பே கழன்று போயிருந்தது. இணையத்தில் ஆறேழாயிரத்துக்கு வாங்கியதாம்.

இரண்டு கையும் ரம்பத்துக்கு வேண்டுமென்றால், உடம்பை எது பிடித்துக்கொள்ளும்? கயிறுதான்.

வெளிநாட்டில் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கவட்டையில் நின்று வெட்டுவதில்லை, கயிற்றில் உட்கார்ந்து வெட்டுகிறார்கள். சின்ன மணல்பையில் மெல்லிய நூலைக் கட்டி உயரத்துக் கவட்டைக்கு மேல் எறிவார்கள். நூலின் பின்னால் கயிறு போகும். கயிற்றின் ஒரு முனை இடுப்புப் பட்டையில். பட்டைக்கும் கயிற்றுக்கும் நடுவே ஒரு பிடிமுடிச்சு, கையால் தள்ளினால் நகரும், பாரம் இறங்கினால் கவ்விக்கொள்ளும். ரம்பத்தை ஓட்டும் நேரத்தில் இன்னொரு குட்டைக் கயிற்றாலும் உடம்பை மரத்தோடு பிணைத்துக்கொள்வார்கள், செயின் பட்டு ஒரு கயிறு அறுந்தாலும் மற்றொன்று இருக்கும் என்பதற்காக. பிரிட்டனில் ஆளைத் தூக்கும் சாதனங்களுக்கு 1998-ல் வந்த விதியின்படி, மரமேறுகிறவரின் கயிற்றையும் பட்டையையும்கூட ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதித்து எழுதி வைக்கவேண்டும். இதில் எங்கே பெரிய மெஷின் இருக்கிறது? வீராம்பட்டினத்து மீனவர் ஒருவரிடம் அந்த முடிச்சைக் காட்டினால் ஒரு பீடி பிடிக்கும் நேரத்தில் போட்டுக் காட்டுவார்.

நமக்கும் கயிறு புதிதல்ல. தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை, புதுச்சேரியில் இல்லை. அதனால் கள் இறக்குகிறவர்கள் இந்தப் பக்கம் இன்னும் மரமேறுகிறார்கள். அவர்களைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். பாளை அரிவாள் மேல் இருக்கும் அதே கவனம் காலில் மாட்டும் தளை மேலும் இருக்கும். ஏறுவதற்கு முன் அதை இழுத்து, முறுக்கிப் பார்க்காமல் அடிமரத்தில் கால் வைக்கமாட்டார்கள். தளை இற்றுப்போனால் அன்றைக்கு வேலை இல்லை. கயிற்றைக் கருவியாக மதித்த கடைசித் தலைமுறை அதுதானோ என்று தோன்றுகிறது. அந்த மரமேறிகளின் பேரன்மார்களில் சிலர்தான் இப்போது மெஷின் ரம்பம் பிடிக்கிறார்கள். தளை மட்டும் கைமாறவில்லை.

தென்னைக்கு ஏறும் மெஷின் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியில் பிறந்து அந்த ஊர்ப் பேராலேயே விற்கிறது. இரண்டு மிதி, இரண்டு கம்பிச்சுருக்கு. கால் மாற்றி மிதித்தால் படியேறுவதுபோல் ஏறிவிடலாம். கேரளத்தில் 2011-ல் தொடங்கிய ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ பயிற்சியில் பெண்களும் சேர்ந்து இதில் ஏறக் கற்றார்கள், விபத்துக் காப்பீடும் கொடுத்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்த மெஷின் கிளையில்லாத நேர்மரத்துக்கு மட்டும். வேம்பிலும் பூவரசிலும் தூங்குமூஞ்சியிலும் முதல் கிளையிலேயே நின்றுவிடும்.

தென்னையை வெட்டிச் சாய்ப்பது இன்னொரு வித்தை. வெளிவட்டம் இரும்பு, நடுவே பஞ்சு. நாலு தென்னை அறுத்தால் செயின் மழுங்கிவிடும், ஒவ்வொரு பல்லுக்கும் வட்ட அரம் போடவேண்டும். மேஸ்திரி அரம் போடுவதைப் பார்க்க அழகாக இருந்தது. பல்லுக்கு மூன்று தள்ளல், ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். ரம்பத்துக்கு இவ்வளவு பார்க்கிற மனிதர் கயிற்றைச் சாக்கில் சுருட்டி வைத்திருக்கிறார்.

ஏறுகிறவனுக்குக் கயிறும் பெல்ட்டும் ஏன் இல்லை என்று கேட்டேன். “இந்த வெயில்ல பெல்ட்டு, ஹெல்மெட்டு எல்லாம் மாட்டிக்கிட்டு ஏறினா மயங்கி விழுந்துடுவான் சார்” என்றார். நார் அடைத்த தடித்த பாதுகாப்புக் கால்சட்டையைச் சித்திரை வெயிலில் போட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கயிற்றுக்கு வெயில் ஏது? முழு உடல் பெல்ட் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. அவருடைய பெரிய ரம்பத்தின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

அன்று மூன்றாவது கிளையை இறக்கும்போது நடந்தது இது. கிளைக்குக் கட்டிய கயிற்றைக் கவட்டை வழியாகக் கீழே விட்டு இரண்டு பேர் வெறுங்கையால் பிடித்திருந்தார்கள். அடிமரத்தில் இரண்டு சுற்று சுற்றிவிட்டுப் பிடித்திருந்தால் ஒரே ஆள் போதும். படகை முளையில் கட்டுகிற எவருக்கும் இது தெரியும். சுற்றவில்லை. கிளை முறிந்த வேகத்தில் இரண்டு பேரையும் மூன்றடி இழுத்துக்கொண்டு போய்க் காம்பவுண்டுச் சுவரில் மோதியது. மரம் ஒரு குலுக்குக் குலுங்கியது. மேலே தம்பி ரம்பத்தை விட்டுவிட்டுக் கவட்டையைக் கட்டிக்கொண்டான். சணலில் தொங்கிய ரம்பம் அணையாமல், அவன் தொடைக்கு ஒரு சாண் தள்ளி உறுமிக்கொண்டிருந்தது. கீழே யாரும் பேசவில்லை. அவன்தான் முதலில் சிரித்தான்.

சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் மரம் வண்டியில் ஏறிவிட்டது. வீட்டுக்காரர் கூலியில் ஐந்நூறு குறைத்துக் கொடுத்தார், சுவர் விரிசலுக்காக. மஞ்சள் கயிறு சாக்குக்குள் போனது. முடிச்சு இப்போது மூன்று.

ஐப்பசி பிறப்பதற்கு முன் வீட்டோரக் கிளைகளைக் கழிக்க நீங்களும் ஆள் கூப்பிடுவீர்கள். எத்தனை மெஷின், எவ்வளவு கூலி என்று பேசும் முன், வண்டியிலிருந்து கயிற்றை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு வேண்டும்: ஒன்று கிளைக்கு, ஒன்று ஏறுகிறவருக்கு. இல்லையென்றால் நீங்களே வாங்கிக் கொடுத்துவிட்டு ஏறச் சொல்லுங்கள்.