வாய்மொழி விடுப்பு வேண்டாம்

திருவண்ணாமலைக்கு மேற்கே அடுத்த மாவட்டமான தருமபுரியில், அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியை ஒருவர் 2021 ஆகஸ்டில் மகப்பேறு விடுப்புக்கு விண்ணப்பித்தார். முதல் திருமணத்தில் அவருக்கு இரண்டு குழந்தைகள். மணமுறிவுக்குப் பின் அவர்கள் தந்தையிடம் வளர்ந்தார்கள். மறுமணத்தில் பிறக்கவிருந்த குழந்தைக்காகத்தான் விடுப்பு கேட்டார். உயிருடன் உள்ள குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருந்தால் மட்டுமே விடுப்பு என்ற அடிப்படை விதி 101(அ)-வைக் காட்டி, அந்த மாதமே மறுத்துவிட்டார்கள். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். செப்டம்பரில் இருவர் அமர்வு அதை ரத்து செய்தது. கடைசியில் 2025 மே 23 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் இருவரும், மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையோடு சேர்ந்தது என்று சொல்லி, பலன்களை இரண்டு மாதத்துக்குள் வழங்க உத்தரவிட்டார்கள். இவ்வளவு தூரம் அவர் போக முடிந்ததற்கு ஒரு சாதாரணக் காரணம் உண்டு: கையில் தேதியிட்ட விண்ணப்பமும், காரணம் எழுதிய மறுப்பு ஆணையும் இருந்தன. "இப்ப வேணாம்மா, அப்புறம் பார்க்கலாம்" என்று தலைமையாசிரியர் வாயால் சொன்னதோடு நின்றிருந்தால், எதை எதிர்த்து வழக்குப் போட்டிருப்பார்? பள்ளி ஊழியர்களின் மகப்பேறு உரிமை பெரும்பாலும் பறிபோவது இந்த இடத்தில்தான். சட்டம் பலமாகவே இருக்கிறது, தாள்தான் இருப்பதில்லை.

முதலில் தான் எந்த விதியின் கீழ் வருகிறோம் என்று தெரிய வேண்டும். ஒரே பள்ளித் தெருவில் மூன்று விதமான ஊழியர்கள் இருப்பார்கள். அரசுப் பள்ளியில் முறையான நியமனம் பெற்றவருக்கு 2021 ஜூலை 1 முதல் 12 மாதம், முழுச் சம்பளத்துடன். பிரசவத்துக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று பிரித்துக்கொள்வது அவர் விருப்பம். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் வேலை பார்த்துக்கொண்டு திருவண்ணாமலை நகரில் குடியிருப்பவர் கடைசி மாதங்களில் மலைப்பாதைப் பேருந்தில் போய்வர வேண்டியதில்லை. அந்த நாட்களை முன்பக்கம் போட்டுக்கொள்ளலாம். தீபத் திருவிழாவை ஒட்டிப் பிரசவ நாள் வந்தால், ஊருக்குள் வண்டி நுழைவதே பாடு என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அடுத்து, மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் தனியார் பள்ளி ஆசிரியை, எழுத்தர், ஆயா. இவர்களுக்கு ஊழியர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ. மூன்றாவதாக, அதற்கு மேல் சம்பளம் வாங்குபவர். இவருக்கு 26 வாரச் சம்பளத்தை நிர்வாகமே தர வேண்டும். 1961-ஆம் ஆண்டு மகப்பேறு பலன்கள் சட்டத்தில் 12 வாரமாக இருந்தது 2017-இல் 26 ஆனது. இப்போது அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வந்திருக்கிறது. 26 வாரம் மாறவில்லை. அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன் எடுக்கலாம். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அப்படியேதான். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். கருச்சிதைவுக்கு ஆறு வாரம் உண்டு. பலர் இதைக் கேட்பதே இல்லை, யாரிடமும் சொல்லாமல் மூன்று நாள் தற்செயல் விடுப்பில் முடித்துக்கொள்கிறார்கள்.

"பள்ளிக்கூடம் என்ன தொழிற்சாலையா? எங்களுக்கு அந்தச் சட்டமெல்லாம் பொருந்தாது" என்பது தாளாளர்கள் வழக்கமாகச் சொல்வது. இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது என்பதை மறுக்கவில்லை. தனியார் கல்வி நிலையங்களுக்கும் சட்டம் பொருந்தும் என்று கேரளம் 2020-இல் தனியாக அறிவிக்க வேண்டியிருந்தது. ஆனால் தமிழ்நாட்டில் குறைந்த சம்பளக்காரருக்கு இந்த வாதம் குறுக்கே நிற்காது. அரசு 2010-லேயே தனியார் கல்வி நிலையங்களை இ.எஸ்.ஐ. வரம்புக்குள் கொண்டுவந்துவிட்டது, பள்ளிகள் எதிர்த்துப் போட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூவர் அமர்வும் அது செல்லும் என்றது. சம்பளம் 12,000 என்றால் ஊழியரிடம் 90 ரூபாய் பிடிப்பார்கள், நிர்வாகம் 390 ரூபாய் கட்டும். பிரசவ காலச் சம்பளத்தைத் தருவது பள்ளி அல்ல, இ.எஸ்.ஐ. கழகம். ஆகவே "ஆறு மாதம் சும்மா சம்பளம் கொடுத்தால் பள்ளியை மூட வேண்டியதுதான்" என்ற புலம்பல், 390 ரூபாயைக் கட்டாத பள்ளியிலிருந்துதான் வரும். மகப்பேற்றுச் செலவைத் தனி முதலாளி தலையில் கட்டாமல் காப்பீட்டின் வழியே பகிர வேண்டும் என்பதுதான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் போக்கும். பெண்களை வேலைக்கு எடுக்கவே தயங்குவார்கள் என்ற அச்சத்துக்கும் அதுதான் பதில்.

இ.எஸ்.ஐ.யில் ஒரு கண்ணி இருக்கிறது. பிரசவம் நடக்கும் பலன் காலத்துக்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாளுக்காவது பணம் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் இன்னொன்று. ஆகஸ்டில் பிரசவம் என்றால் போன ஆண்டு ஏப்ரலிலிருந்து இந்த ஆண்டு மார்ச் வரை கட்டியதைத்தான் பார்ப்பார்கள். புதிதாகச் சேர்ந்தவருக்குப் பலன் காலம் ஒன்பது மாதம் கழித்தே தொடங்கும். ஜூனில் சேர்ந்து நவம்பரில் பிரசவிப்பவர் வெறுங்கையோடு திரும்ப நேரும். எனவே கருவுற்ற பிறகு பார்க்கலாம் என்று இருக்காமல், வேலையில் சேர்ந்த மாதமே காப்பீட்டு எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டிவிட்டு நிர்வாகம் கட்டாமல் விட்டிருக்கிறதா என்பது இணையத்தில் அந்த எண்ணைப் போட்டால் தெரிந்துவிடும்.

இன்னொரு ஆபத்து கல்வியாண்டின் அமைப்பிலேயே இருக்கிறது. பல தனியார் பள்ளிகளில் நியமனம் ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. மேயில் சம்பளம் இல்லை. திரும்பக் கூப்பிடுவார்களா என்பது நிர்வாகத்தின் தயவு. வயிறு தெரிய ஆரம்பித்ததும், "ரிசைன் லெட்டர் எழுதிக் குடும்மா, குழந்தை வளர்ந்ததும் சேர்த்துக்கலாம்" என்பார்கள். அந்தக் கடிதத்தில் கையெழுத்திட்டால் நீக்கத்தை எதிர்க்கும் வாதம் போய்விடும். ஏனென்றால் நீக்கமே நடக்கவில்லை, அவரே விலகியதாகத் தாள் சொல்லும். ஒப்பந்தம் முடிந்தால் உரிமையும் முடிந்தது என்பதும் சரியல்ல. தில்லி மருத்துவமனை ஒன்றின் ஒப்பந்த மருத்துவர் தொடுத்த வழக்கில், ஒப்பந்தக் காலம் தாண்டியும் மகப்பேறு பலன் முழுமையாகக் கிடைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் சொன்னது. நாள்கூலிப் பெண்களுக்கும் உண்டு என்று 2000-லேயே சொல்லிவிட்டது. பள்ளி மேலாண்மைக் குழு வழியாக அரசுப் பள்ளியில் தொகுப்பூதியத்தில் இருக்கும் ஆசிரியைகளும் இந்தத் தீர்ப்புகளைக் காட்டிக் கேட்கலாம்.

பத்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு நேரத்தில் யார் பாடம் எடுப்பது என்ற கேள்வி நியாயமானது. பிள்ளைகளின் படிப்பு விளையாட்டுக் காரியமல்ல. ஆனால் வேலை போகும் என்ற பயத்தில் ஆறாம் மாதம் வரை மறைத்து வைப்பதால்தான் பள்ளிக்கு மாற்று ஆளைத் தேட அவகாசம் இல்லாமல் போகிறது. பயத்தை உண்டாக்குவது நிர்வாகம். தாமதத்துக்குப் பழி ஆசிரியை மேல். முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது இரு தரப்புக்கும் நல்லது. ஒரு பக்கம் போதும்: பெயர், பதவி, மருத்துவர் குறித்த பிரசவத் தேதி, எந்த நாள் முதல் விடுப்பு, பணத்தை வேறொருவர் வாங்கிக்கொள்வதானால் அவர் பெயர். மருத்துவச் சான்றோடு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதிந்தபோது கிடைத்த பிக்மி எண்ணையும் எழுதலாம். அரசுப் பதிவில் தேதி ஏறிவிட்டதற்கு அது சாட்சி. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியும் முத்திரையும் வாங்க வேண்டும். முத்திரை போட மறுத்தால் விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்தலாம்.

மறுத்தால் எங்கே போவது? அரசுப் பள்ளி என்றால் மாவட்டக் கல்வி அலுவலர், அதற்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர். மறுப்பை எழுத்தில் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்தால் 30 நாளில் பதில் வர வேண்டும். தனியார் பள்ளி என்றால் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகம் அல்லது தொழிலாளர் துறை. இரண்டும் இழுத்தடித்தால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் நாள் இருக்கிறது. மனு எண் கிடைக்கும், அதுவும் ஒரு தாள்தான். வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று தயங்குவோர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், 15100-இல் அழைத்தும் கேட்கலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு. அந்தச் சலுகை மாதம் 50,000 சம்பளம் வாங்கும் ஆசிரியைக்கும் பொருந்தும், வகுப்பறை பெருக்கும் ஆயாவுக்கும் பொருந்தும்.