அமீனா தொடக்கூடாத பொருட்கள்

விபத்து வழக்கில் இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பாகியும் பணம் வரவில்லை. ஒருநாள் நீதிமன்ற அமீனா பேருந்து நிலையத்துக்கு வந்து, நிற்கிற பேருந்தின் கண்ணாடியில் உத்தரவை ஒட்டுகிறார். ‘அரசுப் பேருந்து ஜப்தி’ என்று மறுநாள் செய்தி வருகிறது.

ஜப்தி என்றால் அமீனா கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிப்போவது என்றே பலர் நினைக்கிறார்கள். 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தைப் புரட்டினால், எதை எடுக்கலாம் என்பதைவிட எதைத் தொடக்கூடாது என்ற பட்டியல்தான் நீளம். வழக்கில் வென்றவர் ‘ஈ.பி.’ எனும் நிறைவேற்று மனு போட்டு உத்தரவு வாங்கிய பிறகும் 60ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். உடுதுணி, சமையல் பாத்திரம், பாய் படுக்கை, மத வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத நகை (நம் ஊரில் தாலி), கைவினைஞரின் கருவிகள், விவசாயி பிழைக்கத் தேவையான மாடும் விதைநெல்லும் தப்பிவிடும். கூலியாளின் கூலியையும் தொட முடியாது.

சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கும் கடனாளிக்கே. கணக்கில் சேரும் சம்பளம் 31,000 என்றால் மாதம் 10,000 வரை பிடிக்கலாம். அப்படி 24 மாதம் பிடித்தாகிவிட்டால், அதே தீர்ப்புக்காக அந்தச் சம்பளத்தில் மறுபடி கைவைக்க முடியாது. ஜீவனாம்சத்துக்கு மட்டும் இவ்வளவு தாராளம் கிடையாது. மூன்றில் ஒரு பங்குதான் தப்பும். எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

நேரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. பொழுது சாய்ந்தபின் விடியும்வரை குடியிருக்கும் வீட்டுக்குள் நுழையக்கூடாது. கடனாளியே குடியிருந்து வழிவிட மறுத்தால்தான் வெளிக்கதவை உடைக்கலாம். எடுத்த பொருள் அழுகக்கூடியது என்றால் உடனே விற்றுவிடலாம்.

வீடு, நிலத்தை யாரும் தூக்கிப்போக முடியாது. ஆகவே, விற்கவோ வேறுவகையில் கைமாற்றவோ கூடாது என்று உத்தரவிட்டு, தமுக்கடித்து ஊரறியச் சொல்லி, நகலை அந்த இடத்திலும் நீதிமன்றத்திலும் ஒட்டுவார்கள். பிறகு ஏலம். எடுத்தவர் அங்கேயே 25 சதவீதமும், 15 நாளுக்குள் மீதியும் கட்ட வேண்டும். ஆனால் ஏலம் முடிந்தாலும் சொத்து உடனே கைவிட்டுப் போய்விடாது. 60 நாளுக்குள் கடன் தொகையையும், ஏலம் எடுத்தவருக்கென்று ஏலத்தொகையில் 5 சதவீதத்தையும் நீதிமன்றத்தில் கட்டி, ஏலத்தை ரத்து செய்யக் கேட்கச் சொந்தக்காரருக்கு உரிமை இருக்கிறது.